ஒடியாத குக்கீ

பல் டாக்டர் போட்ட மரப்பு ஊசியில் அவளுடைய வலது கன்னம் இன்னும் உணர்வில்லாமல் கிடந்தது. நாலு மாடி ஏறி வீட்டுக்குள் வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் சமையலறைக்குப் போனாள்.

வீட்டிலேயே குக்கீ சுட்டு விற்பது அவள் தொழில். அன்று காலை சாமான்களை அளந்து வைத்து, சுடும் வேலையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். எதிர்ச்சாரித் தையற்கடைக்காரியின் மகளுக்கு வாராவாரம் போகிற டப்பா அது. அந்தச் சிறுமிக்கு முட்டை ஆகாது. வெறும் அரிப்போடு போகிற ஒவ்வாமை இல்லை, தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் அந்தச் சிறுமிக்கான மாவில் மட்டும் முட்டைக்குப் பதில் இரண்டு கரண்டி பால்.

தட்டில் நாலு குக்கீ மிச்சமிருந்தது. பதம் பார்க்க ஒன்றை எடுத்து ஒடித்தாள். ஒடியவில்லை. வளைந்தது.

முட்டையில்லாத குக்கீ 'படக்'கென்று இரண்டாகும். மடியெல்லாம் தூள் கொட்டும். இது ஈரத்தோல் மாதிரி மடங்கி, நடுவில் இழுபட்டுக்கொண்டு மெதுவாகப் பிரிந்தது. வாயில் போட்டாள். மரத்துப்போன நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றை எடுத்து வளைத்தாள். அதுவும் அப்படியே.

நாத்தனார் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பளபளவென்றிருந்த மேடை.

"முட்டை போட்டியா?"

"இல்லையே அண்ணி."

"அப்ப ஏன் இப்படி வளையுது?"

"சூடா இருக்கும்போது வளையத்தானே செய்யும்."

தட்டு ஆறிச் சில்லென்றிருந்தது.

"டப்பா எங்க?"

"பதினொரு மணிக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

மணி பன்னிரண்டரை. தையற்கடைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும்போது அந்தக் கடையில் இடி விழுந்தாலும் கேட்காது. மறுபடி போட்டாள். பிறகு செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். ஒருவேளை வெண்ணெய் கூடியிருக்கலாம், அடுப்பில் சூடு குறைந்திருக்கலாம் என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தது. ஆனால் ஆறு வருஷமாகக் குக்கீ ஒடித்த விரல்கள் அதைக் கேட்கத் தயாராக இல்லை.

கடையில் தையற்காரி தலை நிமிராமல் ஒரு கோட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். துணி மூட்டைகளுக்குப் பின்னால் எட்டு வயசு மகள், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலடுக்கு காலி. சிறுமி கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை சாப்பிட்டம்மா?"

"மூணு. இன்னிக்கு நல்லா மெத்துனு இருக்கு ஆன்ட்டி." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "நாக்கு மட்டும் குத்துது."

மெஷின் நின்றது. தையற்காரி மகளின் முகத்தைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒவ்வாமைக்கென்று வைத்திருந்த அவசர ஊசியை எடுத்தாள். பாவாடைக்கு மேலேயே தொடையில் குத்தி, பத்து வரை எண்ணினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "உள்ள என்ன போயிருக்கு? சரியாச் சொல்லுங்க."

அவள் வராந்தாவுக்கு வந்து தன் வீட்டுக்குப் போன் செய்தாள். "நான் திட்டல. திட்ட நேரமும் இல்ல. என்ன போட்ட?"

மறுமுனையில் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். அது நின்றது.

"ரெண்டு மஞ்சக்கரு," என்றாள் நாத்தனார். "உருட்டுனா மாவு உதிர்ந்து உதிர்ந்து போச்சு அண்ணி. வெள்ளைக்கரு போட்டா கேக் மாதிரி ஆயிடும், மஞ்சக்கரு போட்டா சேர்ந்து நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. கொஞ்சம்தானேன்னு நினைச்சேன்."

"கேட்டப்ப ஏன் இல்லைன்ன?"

மறுமுனையில் குழாய் மறுபடி திறந்தது.

"அப்பவே சொல்லியிருந்தா, சந்தேகப்பட்டுக்கிட்டு போன் போட்டு நின்ன நேரம் மிச்சமாயிருக்கும்." கட் செய்துவிட்டு நர்ஸிடம் போய்ச் சொன்னாள்.

மாலை நாலு மணி வாக்கில் சிறுமிக்கு மறுபடியும் மூச்சு இரைத்தது. இன்னொரு ஊசி போட்டு, முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். திரைக்கு வெளியே இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓராள் இடம் விட்டு. மறுநாள் காலைதான் கண்டம் தாண்டியது என்றார் டாக்டர்.

அப்போதுதான் தையற்காரி அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க போட்டீங்களா, அவ போட்டாளா?"

"என் வீட்டுல சுட்டது. நான்தான் பொறுப்பு."

"அதை நான் கேக்கல."

அவள் சொன்னாள். தையற்காரி தலையசைத்துவிட்டு மகளிடம் போனாள். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

வீட்டில் நாத்தனார் சத்தமில்லாமல் எல்லா வேலையும் செய்தாள், முன்னைவிடப் பணிவாக. நாலாம் நாள் காலையில் டீ கொண்டுவந்து நீட்டினாள்.

"சக்கரை போடல அண்ணி. உங்களுக்குப் பல் வலின்னு."

அவள் வாங்கிக்கொண்டாள். மரப்பு என்றைக்கோ போய்விட்டது. ஒரு வாய் குடித்துப் பார்த்தால், சொன்னது நிஜமா என்று தெரிந்துவிடும். டீயில் ஆடை படிகிற வரை கையிலேயே வைத்திருந்தாள். நாத்தனார் வாசற்படியிலேயே நின்று, அவள் குடிப்பாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.