இருபது கிலோ

மதுஜா அரிசி மூட்டையைக் குசினி நிலத்தில் இழுத்துப் போட்டாள். அப்பாவுக்கு வாய்க்கரிசி இந்தப் புது மூட்டையில்தான் எடுக்கவேண்டும் என்று அம்மா தில்லைநாயகி பிடிவாதமாக நின்றாள். தகனச்சாலைக்குப் போகக் கார் கீழே காத்திருந்தது.

"உன்ர மிஷின் ஏன் பிள்ளை அடிக்கேல்லை?"

அப்பா செத்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்விதான். நியாயமான கேள்வி. ஊரார் கருவிகளின் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிற பெரிய எஞ்சினியர் அல்லவா மகள்! அப்பா தூக்கத்தில் சரிந்து விழுகிறார் என்று கட்டில் கால்களுக்குக் கீழே எடை சென்சார் பூட்டினாள். வெறும் கட்டிலைப் பூச்சியம் என்று மென்பொருளில் பதிந்தாள். பிறகு இதே மூட்டையை மெத்தையில் தூக்கி வைத்து, சாக்கில் அச்சடித்திருந்தபடி இருபது கிலோ என்று அடித்தாள். பாரம் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் அவளுடைய போன் அலறவேண்டும். அப்பா செத்த இரவு, பாதி உடம்பு வெளியே தொங்கக் கிடந்தபோதும் திரை நாற்பத்திமூன்று என்றே காட்டியது.

மூட்டையின் வாயை மடித்து உடுப்புக் கிளிப் போட்டிருந்தது. அன்று அந்தக் கிளிப் அவள் கண்ணில் படவேயில்லை. எழுத்து மட்டும்தான் பட்டது.

"அம்மா, இதில எடுத்தனீங்களோ?"

"ஓம், வழமைபோலக் கோயில் மடத்துக்கு முதல் பங்கு. பெரிய சட்டியால அள்ளினனான்."

"எப்ப?"

"நீ கட்டிலில தூக்கி வைக்க முதல்நாள். ஏன்?"

ஐயோ. குறைந்த மூட்டையை இருபது என்று நம்பிய மென்பொருள், அப்பாவையும் கூட்டிக் கூட்டியல்லவா காட்டியிருக்கிறது! சொன்னால் அம்மா மாரடித்தே செத்துப்போவாள்.

"ஏனெண்டு கேட்டனான். அது ஏன் அடிக்கேல்லை?"

"நான் கணக்கைப் பிழையாப் போட்டிட்டன் அம்மா. வேற ஒண்டுமில்லை."

அம்மா மூட்டையிலிருந்து வாய்க்கரிசியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"அக்கா, பிள்ளை வேணுமெண்டோ செய்தவள்?" என்றாள் கூர் நகரிலிருந்து வந்திருந்த சின்னம்மா ஞானேஸ்வரி.

"அவள் எங்களோட காரில வரவேண்டாம்" என்றாள் அம்மா.

மதுஜா வெள்ளைச் சீலைக்கு மேல் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றாள். பக்கத்தில் நின்ற சுவிஸ்காரி, சீலை நல்ல வடிவு, எங்கே பயணம் என்று கேட்டாள்.

"அப்பாவிடம்" என்றாள் மதுஜா ஜெர்மனில்.

"நல்லது. அப்பாவோடு சந்தோஷமாக இருந்துவிட்டு வா."

"நன்றி" என்றாள் மதுஜா. பஸ் வந்தது.