சரிவைத் தாங்க ஒரு கல்

எட்டு மணி நேரம் நின்றபடியே மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, கைப்பையில் ஒரு கருங்கல்லோடு பேருந்து ஏறுகிற பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று அவள் நினைத்தாள். உட்கார இடமும் கிடைக்கவில்லை.

புதுச் சுவருக்கென்று அவள் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஐந்தாவது மாதிரி இது. வீட்டுக்குப் பின்னால் தோட்டம் மேடாக ஏறிப் போகிறது. அந்த மேட்டு மண்ணைத் தாங்கி நின்ற செங்கல் சுவர், போன மழையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து பொத்தென்று விழுந்தது. கட்டியவர் அவள் கணவர். முப்பது வருடமாகக் கொத்தனார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு 'சாஞ்ச சுவரு' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவளுடைய அண்ணன் வேறு, வாசலில் நின்றுகொண்டு, "என்ன மாப்ள, தைரியமா உள்ள வரலாமா?" என்று கேட்டுச் சிரிப்பான். "செங்கல் மோசம்" என்பார் அவர். அதோடு சரி.

செங்கல் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவள் இவள். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேறுவதற்காகச் சுவரின் அடியில் வரிசையாக ஏழு குழாய்த் துண்டுகளை அவர் பதித்திருந்தார். எதற்கென்று இவளுக்குத் தெரியாது. மழை பெய்தால் போதும், அவற்றிலிருந்து செம்மண் தண்ணீர் வழிந்து, இவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தரையெல்லாம் கறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் இல்லாதபோது, ஏழிலும் பழைய துணியைத் திணித்து, சிமெண்டால் பூசி, முன்னால் பூந்தொட்டிகளை அடுக்கி மறைத்துவிட்டாள். அன்றைக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சந்தோஷம் வேறு. சுவர் விழுந்த பிறகு கல் கடைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் விளக்கியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். அவர் முகத்தைப் பார்த்தால் நாக்கு எழாது.

கடைகளுக்குப் போக அவருக்குக் கூச்சம். அதனால் இவள்தான் அலைந்தாள். முதலில் வேறொரு சூளைச் செங்கல். "ஊறிடும்" என்றார். கான்கிரீட் பிளாக்கைக் காட்டினாள். "இதுல சிமெண்டே இல்லை." செம்பாறைக் கல்லைக் கொண்டுவந்தாள். "கிள்ளினா கையோட வருது." தார் பூசிய மரக்கட்டையை வைத்தபோது, "கரையானுக்கு விருந்து வைக்கிறியா?" என்று கேட்டார். இப்படியே மூன்று மாதம். சரிந்த மண் சமையலறைக் கதவு வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. மழைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. இன்னொரு முறை சரிந்தால் சமையலறையே போய்விடும்.

கருங்கல்லை அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"கல்லு நல்ல கல்லுதான்."

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆனா கனம் ஜாஸ்தி. அடிமண்ணு தாங்காது. வேற பாரு."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கால்கள் விண்விண் என்று தெறித்தன. சமையலறை வாசலில் கிடந்த மண்ணின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலைங்க. எந்தக் கல்லா இருந்தா என்ன? தண்ணி போக வழி இருந்தா நிக்கும். நீங்க வச்ச குழாயை எல்லாம் அடைச்சது நான்தான். தரை அழுக்காவுதுன்னு துணியை வச்சு அடைச்சேன்."

திட்டட்டும் என்று காத்திருந்தாள். அவர் கல்லைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"என்னது?"

"விழுந்த அன்னிக்கே, செங்கல்லைப் பொறுக்கும்போது பாத்தேன். உன் பச்சைப் புடவைத் துணி."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் செங்கல் மேல பழியைப் போட்டீங்க?"

"பின்ன, உன்னையா சொல்லுவேன்? அதுவும் உங்கண்ணன்கிட்டயா?"

அத்தனை பேர் கேலியையும் இந்த மனுஷன் தனக்காக வாங்கிக் கட்டிக்கொண்டாரே என்று அவளுக்கு மனம் உருகியது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போனவளுக்கு அப்போதுதான் மற்றது உறைத்தது.

"அப்ப நான் சுமந்துட்டு வந்ததெல்லாம்?"

அவர் தரையைப் பார்த்தார். "நீயா ஒருநாள் சொல்லுவியான்னு பாத்தேன். சுவரைக் கட்டி முடிச்சிட்டா நீ சொல்லவே மாட்டியோன்னு..."

மூன்று மாதம். வீங்கிய காலோடு எத்தனை கடை, எத்தனை பேருந்து. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழுவதா, நாலு கேள்வி கேட்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் உடம்பில் தெம்பு இல்லை.

"கருங்கல்லையே போட்டுடலாம்" என்றார் அவர், சமாதானமாக.

"போடுங்க. நாளைக்கு நீங்களே கடைக்குப் போய்ச் சொல்லுங்க." அவள் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இந்தத் தடவை குழாய் வைக்கும்போது, இது இதுக்குத்தான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வைங்க. அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏங்க அடைக்கப் போறேன்?"

அவர் கருங்கல்லை எடுத்து, நாளைக்குக் கடைக்குக் கொண்டுபோகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.