முதலில் புகை தெரியும்

அமிர்தநாதர் மீன் அடைத்த தகர ரின் மூடியிலிருந்து வெட்டிய தகட்டு வளையத்தை விரல் நுனியில் வைத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தை அரத்தால் தடவி ஊதிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கழற்றி வைத்திருந்த பிஸ்டலின் அச்சில் அதைக் கோர்த்தார். பிறகு தோட்டா உருளையை அதே அச்சில் ஏற்றினார்.

"உது வெடிக்காட்டில்தான் எனக்கு நிம்மதி," என்றாள் அவருடைய மனைவி செலீன், அடுப்படியிலிருந்து.

"அப்ப மாதாவிட்ட நேந்து வை."

மகள் றஜிதா சிரித்துவிட்டாள். போட்டி நேரக்கணிப்பாளர்களுக்குக் கொடுத்த வெள்ளைத் தொப்பியோடு அவள் எப்போதோ தயாராகி நின்றாள்.

அது ஓட்டப்போட்டிகளைத் தொடக்கிவைக்கும் பிஸ்டல். குழல் அடைத்தது, குண்டு போகாது, சத்தமும் புகையும் மட்டும்தான். மன்னாரில் தபால் கந்தோரில் வேலை செய்த காலத்தில் பள்ளிக்கூடப் போட்டிகளுக்கெல்லாம் அமிர்தநாதர்தான் ஸ்ராட்டர். ரொறொன்ரோவில் ஊர்ச்சங்கம் முதன்முதலாக விளையாட்டுப் போட்டி வைக்கப் போகிறது என்றதும் ரெக்ஸ்டேலில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் இதை வாங்கி வந்தார். விசையை இழுத்தால் அடிக்கடி 'டிக்' என்று மட்டும் கேட்டது. செய்த கொம்பனி எப்போதோ மூடிவிட்டது. மிசிசாகாவில் உதிரிப்பாகம் விற்பவன், பெயரைச் சொன்னதுமே தொலைபேசியில் சிரித்தான்.

வெற்றுத் தோட்டாவில் ஈரம் என்று முதலில் நினைத்தார். புதிது வாங்கிப் போட்டும் அதேதான். சுத்தியலின் சுருள்வில் தளர்ந்துவிட்டது என்று, செத்துப்போன இன்னொரு பிஸ்டலைத் தேடிப் பிடித்து அதன் வில்லை மாற்றினார். அதுவும் சரிவரவில்லை. பிறகு வெடித்ததையும் வெடிக்காததையும் பக்கம் பக்கமாக வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தார். வெடித்ததில் அடித்த தழும்பு ஆழமாக இருந்தது. வெடிக்காததில் மெல்லிய கீறல்.

"உருளை ஆடுது பிள்ளை," என்று றஜிதாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "அடி விழேக்க முன்னுக்கு விலகிப் போகுது. குட்டேக்க தலையை இழுத்தால் நோகுமே?"

அந்த இடைவெளியை அடைக்கத்தான் தகட்டு வளையம். தேய்த்துத் தேய்த்து எத்தனையோ வளையங்கள் குப்பைக்குப் போயின.

சங்கத் தலைவர் தியாகலிங்கத்துக்கு இதில் விருப்பமில்லை. "அண்ணை, சனம் ஊரில வெடிக்குப் பயந்து ஓடி வந்ததுகள். விசில் ஊதினாலே காணும்."

"விசிலுக்குப் புகை வராது தம்பி. தூரத்தில நேரம் பிடிக்கிறவன் புகையைப் பாத்துத்தான் பிடிக்கிறது. நேரம் பிழைச்சால் ஓடின பிள்ளைக்கு என்ன மரியாதை?"

ஒரு வெடி பிழைத்தாலும் விசிலுக்கு மாறுவது என்று பேசி முடித்திருந்தார்கள்.

அமிர்தநாதர் கடைசித் திருகாணியை இறுக்கிவிட்டு இடது கையை உதறினார்.

"என்ன கை?" என்றாள் செலீன்.

"வாயு. நீ வாறியோ?"

கதவு அடித்துச் சாத்தினாலே சுவரோடு ஒட்டிக்கொள்பவள் செலீன். இஞ்சித் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். ஆனால் அவளுடைய தம்பி பஸ்ரியன் வானைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, சேலை மாற்றி, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு முதலில் ஏறி உட்கார்ந்தவள் அவள்தான்.

மைதானம் முழுக்கச் சனம். முதல் ஓட்டம் சிறுவர்களுக்கு. றஜிதா முடிவுக்கோட்டில் ஸ்ரொப்வாச்சோடு நின்றாள். தூரத்தில் அப்பா கையை உயர்த்தினார். வெள்ளைப் புகை ஒரு பூப்போல அவர் தலைக்கு மேலே விரிந்தது. பொத்தானை அழுத்தினாள். அதன் பிறகுதான் வெடி வந்து காதில் விழுந்தது.

மைதானம் குனிந்தது. அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. பாயிலிருந்த பெண்கள் பிள்ளைகளின் மேல் கவிழ்ந்தார்கள். கோட்டும் கழுத்தில் ரையும் போட்ட ஒருவர் புல்லில் குப்புற விழுந்து கிடந்தார். சிறுவர்கள் மட்டும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். விழுந்தவர் மெல்ல எழும்பி, கோட்டைத் தட்டிவிட்டு, வெட்கத்தோடு சிரித்தார். பக்கத்திலிருந்தவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாய்க்குப் பாய் தாவிப் போனது.

இரண்டாவது வெடிக்குப் பாதிச் சனம் குனிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு, பிஸ்டல் உயரும்போதே மைதானம் மூச்சை அடக்கிக்கொண்டு, வெடித்ததும் ஒரே குரலாக ஆரவாரித்தது. இதே சனம். இதே சத்தம். றஜிதா கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். செலீன் எழும்பி நின்று, ஒரு காதுப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

பெண்கள் இருநூறு மீற்றர் ஓட்டம் எதிர்மூலையில் தொடங்கியது. எட்டுப் பேரும் குனிந்து நின்றார்கள். கை உயர்ந்தது. புகை தெரிந்தது. றஜிதா அழுத்தினாள்.

எல்லாருடைய கண்ணும் ஓடுபவர்களோடு போய்விட்டது. அவள் மட்டும் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புகை கலைந்தபோது அதன் கீழே அப்பா நிற்கவில்லை.

மைதானத்துக்குக் குறுக்கே ஓடினாள். அவர் புல்லில் உட்கார்ந்திருந்தார். பிஸ்டலின் வாய் நிலத்தைப் பார்த்திருந்தது. விரல் விசைக்கு வெளியே. முகம் வியர்த்து வழிந்தது, ஆனால் பெரிய எதையோ கண்டவரைப்போல மலர்ந்திருந்தது.

"பாத்தனியோ பிள்ளை? எட்டுப் பேரும் ஒண்டாய் எழும்பினதுகள். ஒருத்தியும் முந்தேல்லை."

"ஓம் அப்பா. கதைக்காதேங்கோ."

"ஒண்டாய்..." என்றார் இன்னொரு தரம், அவள் தோளில் சாய்ந்துகொண்டு.

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே அவர் போய்விட்டார்.

பியூனரல் ஹோமில் தியாகலிங்கம் பெட்டியருகே நெடுநேரம் நின்றார். பிறகு செலீனிடம் வந்து, "அக்கா, ஒரு வெடியும் பிழைக்கேல்லை," என்றார். முன்பின் தெரியாத ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பக்கத்தில் நின்ற மூத்த மகளைக் காட்டினாள்.

"இவள் பிளேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழ போறவள் அன்ரி. அண்டைக்குப் பின்னேரம், இன்னொருக்கா வெடியுங்கோ எண்டு கேட்டவள்."

செலீன் அந்தப் பிள்ளையை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள்.

தேவாலயத்தில் பூசை முடிந்து பிரேதக்கார் முன்னே போக, விளக்கு எரியவிட்ட கார்கள் வரிசையாகத் தொடர்ந்தன. பஸ்ரியன் வானை ஓட்டினார். அகலமான சந்தியொன்றில் மோட்டார்சைக்கிளில் வந்த பொலிஸ்காரர் இறங்கி, நடுறோட்டில் நின்று கையை விரித்தார். பஸ் நின்றது. சீமெந்து லொறி நின்றது. றோட்டுத் திருத்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றி, தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார்.

செலீன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

"ஆருக்குப் பிள்ளை இவ்வளவும் நிக்குது?"

"அப்பாவுக்கு அம்மா."

செலீன் திரும்பவும் வெளியே பார்த்தாள். குறுக்குத் தெருவுக்குப் பச்சை விளக்கு விழுந்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு வாகனமும் அசையவில்லை.