கோர்வைக் கை

சுனாமிக்கு அடுத்த வருஷம். காஞ்சிபுரத்தில் வேணுகோபாலின் பிரவுசிங் சென்டரில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அரக்கர்களைக் கொன்றார்கள். கொன்றால் அந்த ஆன்லைன் விளையாட்டில் பொற்காசு விழும். விளையாட நேரமில்லாத வெளிநாட்டுக்காரர்கள் அதை நிஜப் பணம் கொடுத்து வாங்குவார்கள். இந்தத் தொழிலில் சிலர் வீரர்களை வளர்த்து விற்றார்கள். சிலர் விளையாட்டுச் சந்தையில் மலிவாக வாங்கி, விலை ஏறியதும் தள்ளிவிட்டார்கள். உதயகுமாரும் சங்கீதாவும் காசு சேர்த்து மெட்ராஸ் புரோக்கருக்கு விற்றார்கள். தறியைவிட இதில் கூலி அதிகம். பாதி வேணுகோபாலுக்கு.

அந்தப் பாதிதான் சங்கீதாவை உறுத்தியது. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் அது நின்றுவிடும். உதயகுமார் வீட்டில் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ப்ளக் பாயின்ட்கூட வைத்துவிட்டான்.

அப்போதுதான் விளையாட்டில் அவளுக்கு ஒரு வாள் கிடைத்தது. முனையில் நீலத் தீ எரியும் வாள். அதுபோல் இன்னொன்றை அவர்கள் பார்த்ததில்லை. விற்றால் கம்ப்யூட்டர் வந்துவிடும். வேணுகோபாலிடம் சொல்லவில்லை. வாலாஜாபாத் போகிறேன் என்று அவன் கிளம்பிய அன்று வாங்க ஆள் பிடித்தார்கள்.

வாங்குபவனிடம் உதயகுமார் எழுத்தில் பேரம் பேசினான். வாளை நீட்ட வேண்டியது சங்கீதா. இரண்டு பேரும் பொருளை ஒரே கட்டத்தில் வைத்து, இரண்டு பேரும் சரி என்று அமுக்கினால் கை மாறும். வந்தவன் பத்து லட்சம் காசு வைத்தான். எடுத்தான். நெட் கட்டாகிறது, மன்னிக்கவும் என்றான். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தான். மூன்றாம் முறை வைத்தான்.

"ம்" என்றான் உதயகுமார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் கோர்வைச் சேலை நெய்தவர்கள். ஒரே தறியில் சேலையின் உடல் அவன் பக்கம், கரை அவள் பக்கம். அவன் 'ம்' என்றால் அவள் கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். நின்று பார்த்தால் மாமனாரின் குச்சி முட்டியில் விழும். முதல் வருஷத்திலேயே கை கண்ணுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டது.

ஒரு சைபர் குறைந்திருந்ததை அவள் பார்த்தாள். கை அமுக்கிவிட்டது.

வாள் போய்விட்டது. வாங்கியவனும் மறைந்துவிட்டான். உதயகுமார் அவளை அங்கேயே அறைந்தான். மூன்றாம் சிஸ்டத்தில் ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி டிக்கெட் பார்த்தார்.

மறுநாள் காலை வேணுகோபாலின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அவன் திரையில், நீலத் தீ எரிந்தது. அவன் மறைக்கவில்லை.

"என்னாமா அப்டி பாக்கற? நீதான குடுத்த?"

"ஏமாத்திட்டீங்கண்ணே."

"என் சென்டர்ல குந்திக்கினு, எனக்குத் தெரியாம விக்கப் பாத்தது யாரு? நம்பர் ஸ்க்ரீன்லதான இருந்திச்சு? நீ பாக்கல."

"பாத்தேன்."

"பாத்துட்டா அமுக்குன?" வேணுகோபால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சிரித்தான். "டேய் உதயா! உன் பொண்டாட்டி பாத்துக்கினே அமுக்குனாளாம்டா!"

உதயகுமாரும் கொஞ்சம் சிரித்தான்.

"உங்க பின்னாடியே எத்தினி நாளா உக்காந்துக்கினு கேக்கறேன். இவன் முனகறான், நீ அமுக்கற. வாளு கெடச்சதும் காதுல வுழுந்திச்சு. வாலாஜாபாத்ல ஒரு சென்டர்ல குந்தி, பன்னு தின்னுக்கினே முடிச்சேன்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, போனது போவட்டும். இனிமே வாங்கற பக்கம் உக்காருங்க. இதுலதான் துட்டு. பாதி எனுக்கு."

சங்கீதா புருஷனைப் பார்த்தாள்.

"சரிண்ணே" என்றான் உதயகுமார்.

முதலில் மாட்டியவன் டோடோ. எந்த ஊர்க்காரன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் விளையாட்டுக்குப் புதிதாக வந்து சாகும்போதெல்லாம் மருந்து ஊற்றி எழுப்பியவன். அவள் அவனுக்கு ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தாள். கேடயம் விற்க வேண்டும், இதுவரை எதையும் விற்றதில்லை, தெரிந்தவர்களிடம் கொடுப்பதே நல்லது என்று எழுதியிருந்தான்.

அவள் காசை வைத்தாள், எடுத்தாள். நெட் கட்டாகிறது என்று உதயகுமார் எழுதினான். வைத்தாள், எடுத்தாள். மூன்றாம் முறை ஒரு சைபரைக் குறைத்து வைத்தாள்.

டோடோ அமுக்கவில்லை. கட்டம் அப்படியே நின்றது. அவன் பார்த்துவிட்டான் என்று நினைத்தாள். பார்த்திருந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

திரையில் எழுத்து வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா, அக்கா?

"ம்" என்றான் உதயகுமார்.

சங்கீதா திரையை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். இந்த முறை கண்தான் முதலில் போனது. பிறகு, ஆமாம் என்று எழுதினாள்.