பொட்டு வைத்த சாக்கெட்

விளாங்குடியில் லாரிப் பட்டறை திறக்கவிருந்த பாண்டியராஜன், காற்றழுத்தத்தில் நட்டைக் கழற்றும் ஏர் கன்னின் முனையில் மாட்டி நட்டைக் கவ்வும் சாக்கெட் வாங்கப் போனான். கடைக்காரர் ராஜாராம் கருப்பு செட்டை எடுத்து வைத்தார். "கன் அடிக்கிற அடிய இதுதான் தாங்கும் தம்பி."

"ஆயுத பூஜைக்குப் போயி யாராச்சும் கருப்பை வைப்பாங்களா? பழைய சரக்க என் தலையில கட்டாதீங்கண்ணே."

கையால் முறுக்குவதற்கான பளபள செட்டையே வாங்கி வந்தான். சந்தனம் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிட்டான்.

விஜயதசமியன்று முதல் லாரி வந்தது. வீல் நட்டில் சாக்கெட்டை மாட்டிக் கன்னை அழுத்தினான். பொட்டு வைத்த இடத்திலேயே சாக்கெட் பிளந்தது.

உடைந்ததைக் கொண்டுபோய்க் கடைமேசையில் போட்டான். "கருப்பே குடுங்கண்ணே."

"அன்னைக்கே சொன்னேனே தம்பி."

"சொன்னீங்க. அதட்டிச் சொல்லலையே!"