நாத்தனாரின் விமானம்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. ரூட் கேனலுக்காக வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது பல் மருத்துவர் இதைச் சொல்ல ஆரம்பித்தார். குறுக்கே பேச எனக்கு வழியில்லை. எழுதியதை அனுப்பிவைத்தால் அடுத்த சிட்டிங்கில் திருத்துவார். அப்போதும் என் வாய் திறந்தேதான் இருக்கும்.

2

"நீல வானில் இரண்டு விமானங்கள், இரண்டு பறவைகளைப் போல" –

வேண்டாம்.

"நண்பர்கள் இருவர், இருவருமே பொறியாளர்கள், பழைய விமானப் போர்க் கணினி விளையாட்டு ஒன்றில்" –

"யாரு அந்த ரெண்டு ஆம்பளைங்க?" என்று கேட்டார் மருத்துவர். "நானும் என் நாத்தனாரும்தானே ஓட்டுனோம்."

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து போர் விமானம் ஓட்டினார்கள் என்றால் யார் நம்புவார்கள் என்று நான் தயங்கியது உண்மை. நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3

நாத்தனார் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். அண்ணன்-அண்ணியோடு ஒரே வீட்டில் இருந்தாள். விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் சர்வரை எப்போதோ மூடிவிட்டது. இவர்கள் தங்கள் இரண்டு கணினிகளையும் நேராக இணைத்துக்கொண்டு ஞாயிறு மதியங்களில் பறந்தார்கள். எதிரி விமானங்களைக் கணினி ஓட்டும். அண்ணி முன்னால் போவார், நாத்தனார் அவர் முதுகைப் பார்த்துக்கொள்வாள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சேர்ந்து ஏறினால் சேர்ந்தே இறங்க வேண்டும். ஒருத்தி விழுந்தால் இருவருக்கும் ஆட்டம் முதலிலிருந்து.*

(* விளையாட்டில் இப்படி ஒரு விதியே கிடையாது. இவர்களாக வைத்துக்கொண்டது.)

இடையில் மருத்துவருக்கும் அவர் கணவருக்கும் விவாகரத்து ஆனது. ஏன் என்பது நமக்கு வேண்டாம். மருத்துவர் தனி வீட்டுக்குப் போனார்; ஞாயிறு மட்டும் நிற்கவில்லை, இன்டர்நெட் வழியாகப் பறந்தார்கள்.

4

அன்று பாலம் ஒன்றைத் தகர்த்துவிட்டுத் திரும்பும்போது ஹெட்போனில், நாத்தனாருக்குப் பின்னாலிருந்து, முன்னாள் கணவரின் குரல் கேட்டது.

"இன்னும் அவளோட என்ன பேச்சு? அவ இனிமே உனக்கு யாரு?"

"அண்ணி."

"விவாகரத்து ஆயிடுச்சு."

"உனக்குத்தானே ஆச்சு? எனக்கு ஆகலையே."

அதோடு இணைப்பு அறுந்தது. இந்த இடத்தில் "திடீரென மின்சாரம் தடைப்பட்டது" என்று எழுதியிருந்தேன். அண்ணன்காரனை எதற்கு வில்லனாக்க வேண்டும் என்று ஒரு நல்லெண்ணம்.

"கரண்டெல்லாம் போகல. இன்டர்நெட் வயரப் பிடுங்குனாரு. அப்படியே எழுதுங்க."

பிடுங்கினார்.

5

ஒருவரின் தொடர்பு அறுந்தால் அவர் விமானத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும். அறுந்த இணைப்பில் அவர் மறுபடி உள்ளே வர முடியாது; மற்றவரின் கணினியில் உட்கார்ந்துதான் சீட்டைத் திரும்பப் பிடிக்கலாம். நாத்தனார் ஓட்டினால் விமானம் ஆடி அசைந்து வரும். இப்போது நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. அதைப் பார்த்ததும் ஓட்டுவது அவள் இல்லை என்று மருத்துவருக்குத் தெரிந்தது.

இரண்டு எதிரிகள் அதைத் துரத்தினார்கள். "காலி விமானம்தானே, விட்டுவிட்டு வந்திருக்கலாம்" என்று எழுதியதற்கு என் ஈறில் ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது.

"காலி இல்ல. அது அவ சீட்டு."

திரும்பிப் போய்ச் சண்டை போட்டார். சொந்த இறக்கை ஓட்டையானாலும் அந்த விமானத்தைத் தளம்வரை கூட்டிவந்துவிட்டார். ஆனால் இறங்கவில்லை. இறங்கும்போது கணினி சொதப்பும், பலமுறை பார்த்திருக்கிறார். அவர் வட்டமடித்தால் அதுவும் பின்னாலேயே வட்டமடிக்கும். ஆகவே வட்டமடித்தார்.

போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டார்.

"அண்ணி, எறங்கிட்டீங்களா?"

"நீ இல்லாம எப்படி எறங்குறது? எங்க இருக்கே?"

"பஸ் ஸ்டாப்ல. துணிப் பை, ஸ்பேனர் பை ரெண்டையும் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். இனிமே உங்க வீட்டுலதான். வந்ததும் சேர்ந்தே எறக்குவோம்."

6

முடிவு (அ): பெட்ரோல் தீர்ந்து இரண்டும் விழுகின்றன. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

முடிவு (ஆ): அண்ணன் மனம் மாறி, வயரை மறுபடி – இதை முடிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உண்மையில் என்ன ஆனது என்று கேட்டேன். வாயில் பஞ்சு இருந்ததால் கேள்வி வேறு என்னவோவாக வெளியே வந்தது.

"பெட்ரோல் முள்ளு செவப்புக்கு வந்துடுச்சு" என்றார். "வாய் கொப்பளிங்க."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. போகட்டும். இந்தக் கதையில் இதுவரை அவர் சொன்னபடியெல்லாம் கேட்டேன். ஆனால் பெட்ரோல் என் கையில் இருக்கிறது. முள் சிவப்பிலேயே நிற்கும், தீராது. விவரம் தெரிந்தவர்கள் பிழை என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். நாத்தனார் படியேறி வரும்வரை இரண்டையும் நான் இறக்கமாட்டேன்.

இதோ அழைப்பு மணி அடிக்கிறது. மருத்துவரின் இரண்டு கைகளும் விமானத்தில் இருக்கின்றன, எழுந்து வர முடியாது. எனக்கோ இந்த நாற்காலியை விட்டு எழ அனுமதியில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.