ஒரு வாழைச்சருகின் கனம்

சாய்ந்த கோட்டின் வழியே வெள்ளை இறங்கி வருகிறது, அவசரமே இல்லாமல், நுனியில் ஒரு கணம் நின்று யோசித்து, பிறகு சொட்டென்று மங்குக்குள் விழுகிறது, மங்கு என்றால் பால்மரத்தின் இடுப்பில் கம்பி போட்டு மாட்டியிருக்கும் சின்னப் பீங்கான் கிண்ணம், மலாயாவில் பேராக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஏழு வருஷம் அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடிந்தது, மற்றவர்களுக்கு அது பால் சொட்டும் சத்தம், எனக்கு மட்டும் மரம் மூக்கைச் சிந்தி அழுவது போல இருக்கும், காரணம் உண்டு, நான் வெட்டிய வெட்டு அப்படி, தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு வாழைச்சருகின் கனம் விட்டு வெட்ட வேண்டும், அதுதான் வித்தை, அந்தச் சருகைத் தாண்டினால் கட்டை தெரிந்துவிடும், மரத்துக்குக் காயம், கங்காணி திட்டிக்கொண்டே வந்து காயத்தில் தாரைப் பூசிவிட்டுப் போவார், என் நிரையில் முந்நூறு மரம், அம்மை வார்த்து எழுந்த ஜனங்கள் கஞ்சிக்கு வரிசையில் நிற்பது மாதிரி இருக்கும், அடுத்த நிரை குருவம்மாளுடையது, என் பெண்சாதி, அவள் மரங்களில் கரும்பொட்டு ஒன்றுகூடக் கிடையாது, துரை அவள் நிரையில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நடப்பார், என் நிரைக்கு வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார், சன்னாசி எங்களோடு ஒரே கப்பலில் வந்தவன், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டுக்காரன், அவன் கேட்பான், ஏன் மாப்ளே, மரத்துக்கும் உனக்கும் வாய்க்கால் தகராறு ஏதும் இருக்கா.

அப்புறம் விலை விழுந்தது, யார் தள்ளிவிட்டார்கள் என்று தெரியவில்லை, அமெரிக்காவில் மோட்டார் வாங்குகிறவர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம், ஆகவே துறையூர்க்காரனான எனக்கு வேலை போகும் என்று கணக்கெழுதும் கிராணி விளக்கினார், மோட்டாரில் ஏறியே அறியாதவன் நான், அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தேன், பாதி மரங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள், மரத்துக்கு ஓய்வு என்றால் நிற்கும், மனிதனுக்கு ஓய்வு என்றால் கப்பல், பொழுது விடியுமுன் பெரட்டில் எல்லோரையும் நிற்கவைத்துக் கிராணி பேர் வாசிக்கிறார், தார்ப் பொட்டு அதிகம் உள்ளவர்கள் முதலில், அந்தப் பட்டியலில் என் பேர்தான் தலைப்பில் நிற்கிறது, வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்தது அந்த ஒரு தடவைதான், குருவம்மாள் பேர் இல்லை, பெண்ணுக்குக் கூலி குறைவு, கையும் சுத்தம், அவளை எதற்கு அனுப்புவார்கள், கங்காணி என் தோளில் தட்டிச் சொல்கிறார், நீ போடா, அவ இருக்கட்டும், விலை ஏறினதும் வந்து சேர்ந்துக்க.

விலை எப்போது ஏறும் என்று அவருக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது, போனவர்களில் ஒருத்தரும் திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை, அவளும் வேலையை விட்டுக் கூட வரலாம்தான், ஆனால் தானாக விட்டுப் போகிறவர்கள் கப்பல் சீட்டைத் தாங்களே வாங்க வேண்டும், துரத்தப்பட்டவர்களுக்குத்தான் இலவசம், சீட்டு வாங்க எங்களிடம் என்ன இருந்தது, ஆகவே நான் ஆம்பிளைத்தனமாக ஒரு பிரசங்கம் செய்தேன், நீ இரு, நான் போறேன், நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ, சமாளிச்சுக்கலாம், குரல் நடுவில் எங்கேயோ வழுக்கிவிட்டது, அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள், ஊர்ல உனக்கு யாருய்யா சோறாக்குவா, நானே ஆக்கிக்குவேன் என்றேன், என் நிரை மரங்களைப் பார்ப்பாளே ஒரு பார்வை, அதே பார்வையால் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கங்காணி தார் டப்பாவோடு அவள் நிரையில் நிற்கிறார், அழுதுவிடுவார் போல இருக்கிறது முகம், பதினோரு மரம், அடுத்தடுத்துப் பதினோரு மரத்தில் கட்டை தெரிகிறது, என்ன குருவம்மா இது என்கிறார், கை தவறிடுச்சுங்க என்கிறாள், தரையைப் பார்த்தபடி, பதினோரு தடவையா என்கிறார், ஆமாங்க, இவரு கூடவே இருந்து பழகிடுச்சு, கங்காணி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுத் தாரைப் பூசினார், அடுத்த பெரட்டில் அவள் பேரும் வாசிக்கப்பட்டது, நான் என்ன செய்தேன் என்றால், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளுக்குப் பாடம் எடுத்தேன், மணிக்கட்டைத் தளரவிடக் கூடாது குருவம்மா, கத்தியை இப்படிப் பிடிக்கணும் என்று கப்பல் தளத்தில் கரண்டியை வைத்துக்கொண்டு செய்து காட்டினேன், அவள் சரி சரி என்று கவனமாகக் கேட்டுக்கொண்டாள், துணி மூட்டைக்குள் ஒரு மங்கை ஒளித்து வைத்திருந்தாள், விளிம்பு உடைந்தது, எதுக்கு என்றேன், கெடக்கட்டும் என்றாள், நாகப்பட்டினத்தில் படகிலிருந்து இறங்கும்போதும் அதைத்தான் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள், என் கையை அல்ல.

ஊரில் மழையும் இல்லை வேலையும் இல்லை, கம்பங்கூழும் கடலைக்காட்டுக் களையெடுப்புமாக ஐந்து வருஷம் போனது, சில நாள் கனவில் என் மரங்களெல்லாம் தார்ப் பொட்டோடு துறையூர்ச் சந்தையில் வந்து நின்று என்னை அடையாளம் காட்டும், ஒரு நாள் சன்னாசியிடமிருந்து கடிதம், மாப்ளே, விலை ஏறிக்கிட்டே போகுது, சீனாவுல சண்டையாம், சீமையிலும் வரப்போகுதாம், எல்லாத் தேசத்துக்காரனும் டயருக்குப் பறக்கிறான், உன்னை மாதிரி ஆளைக்கூட எடுத்துக்குவாங்க, கெளம்பி வா, நான் மூட்டை கட்டினேன், போறதுன்னா ரெண்டு பேருமாப் போவோம் என்றாள், நல்ல நாள் பார்த்து அதைத் தள்ளித் தள்ளிப் போட்டதில் மறு வருஷம் கூலியாட்கள் யாரும் போகக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு வந்துவிட்டது, கட்டிய மூட்டை கட்டியபடி பரணில் கிடந்தது, அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டினேன், அன்னிக்கு உன் கை மட்டும் தவறாம இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் அங்கே ராஜா மாதிரி இருந்திருப்போம், அவள் கூழைக் கிண்டினாள், பிறகு ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து மலாயாவைப் பிடித்தான் என்றார்கள், கடிதம் நின்றது, நானும் சொல்லிக்காட்டுவதை நிறுத்தினேன்.

நாற்பத்தாறில் வாசலில் ஒரு கொடிக்கம்பு நிற்கிறது, மேலே ஒரு சட்டையை உலர்த்தியது போல, அது சன்னாசி, மாப்ளே என்று அது பேசிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, குருவம்மாள் இலை போட்டாள், மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னான், அவனும் ஒரு பெரட்டு வச்சான் மாப்ளே, ஜப்பான்காரன், சயாம் காட்டுல ரயில் ரோடு போட ஆள் வேணும்னு, மொத வீட்டுலேருந்து வரிசையா ஆம்பிளைங்களைக் கூப்பிட்டான், நம்ம லயத்துலேருந்து போனது முப்பத்தாறு, வந்தது அஞ்சு, கங்காணியும் போனாரு, அவரு வரல்லே, எங்கள் வீடுதான் அந்த லயத்தில் முதல் வீடு, யாரும் அதைச் சொல்லவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது, நிம்மதியாக இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் பிசைந்து தலையைக் குனிந்து சாப்பிட்டேன், சன்னாசி விரலை நக்கியபடி சொன்னான், தங்கச்சி, நீ போனப்புறம் உன் நிரையை நான்தான் வெட்டினேன், அந்தப் பதினோரு காயமும் ஒரே உயரம், ஒரே ஆழம், நூல் புடிச்ச மாதிரி, அதைவிடச் சுத்தமா ஒரு வெட்டை நான் பார்த்ததில்லே, அவள் ரசத்தை ஊற்றினாள், கை தவறிடுச்சுண்ணே என்றாள், நான் அந்த மணிக்கட்டைப் பார்த்தேன், ரசக் கரண்டி ஒரு சொட்டுச் சிந்தவில்லை, அதற்கா நான் கப்பலில் பாடம் எடுத்தேன்.

எல்லாம் நேற்றுப் போல இருக்கிறது, நேற்று என்ன சாப்பிட்டேன் என்பதுதான் நினைவில்லை, இப்போது எனக்குக் கை நடுங்குகிறது, எப்போதுதான் நடுங்கவில்லை என்பாள், போன மாசம் நானே சவரம் செய்துகொண்டு தாடையில் மூன்று இடத்தில் கீறிக்கொண்டேன், அன்றிலிருந்து கத்தி அவளிடம், தெருவில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், கிழக்கே பார்த்து உட்காரவைத்து, கண்ணைச் சுருக்கி, காதோரத்திலிருந்து முகவாய் வரை சாய்வாக ஒரே இழுப்பு, அந்த வழியே சோப்பு நுரை வெள்ளையாக இறங்கி வருகிறது, நான் மெல்ல ஆரம்பிக்கிறேன், குருவம்மா, அந்தப் பதினோரு மரம், பேசாதேய்யா என்கிறாள், அசைஞ்சா கட்டை தெரிஞ்சிரும், நான் மரமாக நிற்கிறேன், அல்ல, உட்கார்ந்திருக்கிறேன், கத்தி ஒரு வாழைச்சருகின் கனம் விட்டு என்னைக் கடந்து போகிறது, நுரை முகவாயின் நுனியில் ஒரு கணம் நின்று யோசிக்கிறது, கீழே அவள் இடது கையில் ஏந்திய விளிம்பு உடைந்த மங்குக்குள் சொட்டென்று விழுகிறது.